ஓடாத கொன்ட்ரோலரைத் தம்பியின் கையில் கொடுக்காதீர்கள்



பெருநாள் முடிந்துவிட்டது. பிள்ளைகளின் கையில் பெருநாள் சல்லி இருக்கிறது. உடுப்பு, ஐஸ்கிரீம், விளையாட்டுச் சாமான் எல்லாம் போக மிஞ்சிய காசில் பல வீடுகளுக்கு இப்போது ஒரு சாமான் வந்து சேர்கிறது: டீவியில் செருகிப் பழைய கேம் விளையாடும் ரெட்ரோ கேம் பெட்டி. சிலர் கடையில் விற்கும் குச்சி மாதிரியானதை வாங்குகிறார்கள். கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்த மூத்த பிள்ளைகள் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ரெட்ரோபை மென்பொருளைப் போட்டுத் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

கேம் கூடுமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. அது உலமாக்களின் வேலை. ஆசிரியர்களாகிய நாங்கள் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருப்பவர்கள் என்ற வகையில் ஒரேயொரு விசயத்தை மட்டும் பெற்றோரிடம் சொல்ல விரும்புகிறோம்.

அந்தப் பெட்டியை வாங்கினால், இரண்டாவது கொன்ட்ரோலரை முதல் நாளே வேலை செய்ய வையுங்கள். அது வேலை செய்யும் வரை முதலாவதையும் எடுக்க விடாதீர்கள்.

இதென்ன பெரிய விசயம் என்று நினைக்கலாம். பெரிய விசயம்தான். ஏன் என்று சொல்கிறோம்.

பிள்ளைகள் சொல்லி நாங்கள் அடிக்கடி கேட்கும் ஒரு தந்திரம் இருக்கிறது. உங்களில் நானா, ராத்தாவாகப் பிறந்த சிலருக்கும் இது பழக்கமானதாக இருக்கும். தம்பி வந்து "எனக்கும் தாங்க, எனக்கும் தாங்க" என்று அழுவான். உம்மா அடுப்படியில் இருந்து, "மகன், தம்பிக்கும் ஒன்டு குடு" என்பார். நானா உடனே இரண்டாவது கொன்ட்ரோலரைத் தூக்கித் தம்பியின் கையில் கொடுத்துவிடுவான். அது பெட்டியோடு இணைக்கப்பட்டிருக்காது. தம்பி பட்டனை அமத்து அமத்து என்று அமத்துவான். திரையில் ஓடுவது நானாவின் ஆள். தம்பியோ தானும் விளையாடுவதாக நினைத்துச் சிரிப்பான். அழுகை நின்றுவிட்டது, உம்மாவுக்கும் நிம்மதி. எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விடுவோம்.

ஒரு நாள் தம்பிக்கு விளங்கும். கையை எடுத்தாலும் ஆள் ஓடுகிறான் என்று காண்பான். அன்றைக்கு அவன் படிப்பது கேம் பற்றியல்ல. தன்னை அமைதிப்படுத்தினால் போதும், தனக்குப் பங்கு தேவையில்லை என்று வீட்டில் முடிவெடுத்திருக்கிறார்கள் என்பதைப் படிக்கிறான். நானாவோ, கொடுத்ததுபோல் காட்டினால் கொடுக்கத் தேவையில்லை என்பதைப் படித்து முடித்துவிட்டான். இந்த இரண்டு பாடமும் வகுப்பறைக்கு வரும். குழு வேலை கொடுத்தால் ஒருவன் செய்ய, மற்ற மூவரும் பெயரை மட்டும் எழுதும் பழக்கத்தை நாங்கள் காண்கிறோம். அது எல்லாம் கேமால் வந்தது என்று சொல்லவில்லை. ஆனால் பங்கு என்பது பெயருக்குத்தான் என்ற எண்ணம் எங்கிருந்தோ வருகிறது.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் சம்பவம் ஜும்ஆ பயான்களில் நாம் கேட்டதுதான். அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைக் கொடுத்த தகப்பன், அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். மற்றப் பிள்ளைகளுக்கும் அதேபோலக் கொடுத்தாரா என்று நபியவர்கள் விசாரித்தார்கள். இல்லை என்றதும் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். அது சொத்து, இது விளையாட்டுச் சாமான் என்று நாம் பிரித்துப் பார்க்கலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பிரிப்பு தெரியாது. அவனுக்கு அந்தக் கொன்ட்ரோலர்தான் சொத்து.

இந்தப் பழைய கேம் பெட்டிகள் பிறந்ததே இருவருக்காக என்பதையும் சொல்ல வேண்டும். 1983 ஜூலையில் நின்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட ஃபமிலி கொம்பியூட்டரில் இரண்டு கொன்ட்ரோலர்கள் இருந்தன. இரண்டினதும் வயர் பெட்டிக்குள்ளேயே நிரந்தரமாக இணைக்கப்பட்டிருந்தது. கழற்ற முடியாது. அதாவது, நானா செய்யும் தந்திரத்தை அதில் செய்யவே வழியில்லை. பெயரைப் பாருங்கள், குடும்பக் கணினி. அதைப் பார்த்துச் செய்த மலிவான பெட்டிகளைத்தான் நமது தலைமுறை "டீவி கேம்" என்று அறிந்தது. அதிலும் இரண்டு கை இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து பாயில் வரிசையாக இருந்து, ஒருத்தர் தோற்றதும் அடுத்தவர் கைக்கு மாறிய காலம் அது.

இன்றைக்குப் பிள்ளையின் கையில் இருக்கும் ஃபோன் அப்படியல்ல. ஒரு திரை, ஒரு பிள்ளை, ஒரு மூலை. பக்கத்தில் சகோதரன் இருந்தாலும் அவன் தொந்தரவுதான். யாரோடு விளையாடுகிறான் என்று கேட்டால் பெயர் தெரியாத ஒருவரின் பெயரைச் சொல்வான். இப்படியான காலத்தில் வீட்டு ஹோலில், எல்லோரும் பார்க்க, இரண்டு பேர் சேர்ந்து இருக்கும் ஒரு விளையாட்டு கிடைக்கிறது என்றால், அதன் நன்மை முழுவதும் அந்த இரண்டாவது கொன்ட்ரோலரில்தான் இருக்கிறது. அதைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டால், டீவி அளவிலான இன்னொரு ஃபோனைத்தான் நாம் வாங்கியிருக்கிறோம்.

"சேர், அது வேலை செய்யுதில்ல, நாங்க என்ன செய்யிற" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அதனால் தெரிந்ததைச் சொல்கிறோம். பல வீடுகளில் இரண்டாவது கொன்ட்ரோலர் பழுதில்லை. நாலு காரணங்களில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலாவது, மின்சாரம். வயர் இல்லாத கொன்ட்ரோலர் என்றால் பற்றரியை மாற்றிப் பாருங்கள். முதலாவதில் வேலை செய்யும் பற்றரியை எடுத்து இரண்டாவதில் போட்டாலே பழுது எதில் என்று தெரிந்துவிடும். ராஸ்பெரி பை என்றால் பழைய ஃபோன் சார்ஜரில் ஓட்டாதீர்கள். திரையின் மூலையில் மின்னல் அடையாளம் வந்தால் மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். பை 4 இற்கு 5 வோல்ட், 3 அம்பியர் தரும் சார்ஜர் தேவை.

இரண்டாவது, அறிமுகம். ரெட்ரோபையில் ஒவ்வொரு வகைக் கொன்ட்ரோலரையும் ஒரு முறை அறிமுகப்படுத்த வேண்டும். முதன்மைத் திரையில் முதலாவது கொன்ட்ரோலரின் ஸ்டார்ட் பட்டனை அமத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் 'கொன்பிகர் இன்புட்' என்பதைத் தெரிந்து, இரண்டாவது கொன்ட்ரோலரில் ஏதாவது ஒரு பட்டனை அமத்திப் பிடியுங்கள். பிறகு மேல், கீழ், இடம், வலம் என்று அது கேட்கக் கேட்க அந்தந்தப் பட்டனை அமத்திக்கொண்டு போங்கள். உங்கள் கொன்ட்ரோலரில் இல்லாத பட்டனைக் கேட்டால், ஏதாவது ஒன்றை அமத்திப் பிடித்தால் அதைத் தாண்டிப் போகும். இரண்டும் ஒரே வகை என்றால் முதலாவதுக்குச் செய்ததே போதும், இரண்டாவதுக்குத் திரும்பச் செய்யத் தேவையில்லை.

மூன்றாவது, வரிசை. எது முதலாம் ஆள், எது இரண்டாம் ஆள் என்பது, இயந்திரம் அவற்றைக் கண்டுபிடித்த வரிசையில் அமைகிறது. அதனால் சிலவேளை இரண்டும் இடம் மாறிவிடும். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது செலெக்டையும் எக்ஸையும் சேர்த்து அமத்தினால் ரெட்ரோஆர்ச்சின் பட்டியல் திறக்கும். செட்டிங்ஸ், அதற்குள் இன்புட், அதற்குள் போர்ட் 1, போர்ட் 2 என்று இருக்கும். ஒவ்வொன்றிலும் 'டிவைஸ் இன்டெக்ஸ்' என்ற இடத்தில் எந்தக் கொன்ட்ரோலர் என்று மாற்றலாம். போர்ட் 2 இல் ஒன்றுமே இல்லாமல் இருந்தால் தம்பியின் பிரச்சினை அங்கேதான். மாற்றியதைச் சேமிக்காமல் வெளியேறினால் அடுத்த முறை பழையபடி வந்துவிடும்.

நாலாவது, இது மிச்சம் பேருக்குத் தெரியாதது. கொன்ட்ரோலர் சரியாக இருக்கும், கேம்தான் அப்படி. 1985 இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் இருவர் விளையாட்டு என்பது மாறி மாறி விளையாடுவது. மாரியோ சாகும் வரை லுயிஜிக்கு வேலையில்லை. அதுவரை இரண்டாவது கொன்ட்ரோலர் செத்ததுபோல்தான் கிடக்கும். அதேபோல் தொடக்கத் திரையில் இருவர் என்று தெரிவு செய்வது பெரும்பாலும் முதலாவது கொன்ட்ரோலரின் வேலை. அந்த ஜப்பான் பெட்டியின் இரண்டாவது கொன்ட்ரோலரில் ஸ்டார்ட், செலெக்ட் பட்டன்களே இருக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சின்ன மைக் இருந்தது. ஆகவே தம்பி ஸ்டார்ட்டை அமத்தி ஒன்றும் நடக்கவில்லை என்றால் பழுது என்று முடிவெடுக்காதீர்கள்.

இந்த நாலையும் பார்க்க அரை மணித்தியாலம் போதும். அந்த அரை மணித்தியாலத்தை மூத்த மகனிடம் கொடுங்கள். தம்பிக்கு வேலை செய்ய வைப்பது அவனுடைய பொறுப்பு என்று சொல்லுங்கள். தன் கையால் தம்பிக்குப் பங்கைச் சரிசெய்து கொடுத்தவன், அதைத் திரும்பப் பறிக்கக் கொஞ்சம் யோசிப்பான்.

அடுத்தது, எதை விளையாடுவது. எல்லா இருவர் விளையாட்டும் ஒன்றல்ல. ஒருவரை ஒருவர் அடித்து வீழ்த்தும் கேம்களை நாங்கள் தொடக்கமாகச் சொல்ல மாட்டோம். சேர்ந்து செய்யும் கேம்கள் இருக்கின்றன. நம்கோ நிறுவனம் 1985 இல் வெளியிட்ட பெட்டல் சிட்டி என்ற டாங்கி விளையாட்டை நம்மில் பலருக்கு முகம் பார்த்தால் ஞாபகம் வரும். மஞ்சள் டாங்கி ஒன்று, பச்சை டாங்கி ஒன்று, கீழே காப்பாற்ற வேண்டிய தளம் ஒன்று. கூட்டாளியின் மேல் குண்டு பட்டால் அவர் கொஞ்ச நேரம் அசைய முடியாமல் நிற்பார். நம்முடைய குண்டே நமது தளத்தில் பட்டாலும் ஆட்டம் முடிந்துவிடும். அவசரக்காரனுக்கு இதைவிட நல்ல பாடம் கரும்பலகையில் எழுத எங்களுக்குத் தெரியாது. ஐஸ் கிளைம்பரில் ஒருவர் மட்டும் வேகமாக மேலே ஏறினால் திரையும் அவரோடு ஏறிவிடும். கீழே பிந்தியவர் உயிரை இழப்பார். கெட்டிக்காரன் நின்று காத்திருக்கப் பழக வேண்டும். 1986 இல் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட பபிள் பொபிளில் நூறு கட்டங்கள் உண்டு. தனியாக ஆடி நூறையும் முடித்தாலும் அதன் உண்மையான முடிவைப் பார்க்க முடியாது. இரண்டு பேர் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும்.

இனி, நாம் பேசாமல் கடந்து போகும் ஒரு விசயம். இரண்டாவது கொன்ட்ரோலர் என்றதும் நம் மனதில் வருவது தம்பி. தங்கச்சி வருவதில்லை. "அது பொடியன்கள்ற சாமான்" என்று சொல்லி மகளை உள்ளே அனுப்பிவிடுகிறோம். விளையாடிய பொடியன்களுக்குத் தேத்தண்ணி கொண்டு வருவதுதான் அவளது பங்கு. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள் என்பதை நாம் பெருமையோடு சொல்கிறோம். முதல் தடவை ஆயிஷா (ரலி) அவர்கள் வென்றதும், பிறகு ஒரு தடவை நபியவர்கள் வென்றதும் நமக்குத் தெரியும். விளையாட்டில் பெண்ணுக்கு இடமும், வெல்வதற்கு வாய்ப்பும் கொடுத்த ஒரு முன்மாதிரி நமக்கு இருக்கும்போது, நமது ஹோலில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் கொன்ட்ரோலருக்கு மட்டும் ஏன் இந்தத் தடை? வீட்டுக்குள், சொந்த நானாவோடு, வாப்பா உம்மாவின் கண் முன்னால் விளையாடுவதில் அவள் எதையும் இழக்கப்போவதில்லை.

வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. அந்த இரண்டாவது கொன்ட்ரோலர் உங்களுக்கும்தான். வாரத்தில் ஒரு நாள் இருபது நிமிடம் மகனோடு இருந்து தோற்றுப் பாருங்கள். படிப்பு எப்படி என்று கேட்டால் "நல்லம்" என்று ஒரு சொல்லில் முடிப்பவன், கேம் ஓடும்போது வகுப்பில் நடந்ததையெல்லாம் சொல்வான். கண் திரையில் இருப்பதால் முகம் பார்த்துச் சொல்லும் கூச்சம் அவனுக்கு இருக்காது.

தொழுகை பற்றிக் கேட்பீர்கள். நியாயம். "இன்னும் அஞ்சு நிமிஷம், இந்த லெவல் முடியட்டும்" என்ற பதில் எல்லா வீட்டிலும் கேட்கிறது. ஒன்லைன் கேமில் நடுவில் எழும்பினால் தோல்விதான், அதனால் பிள்ளை எழும்ப மாட்டான். ரெட்ரோபையில் அந்தச் சாட்டு செல்லாது. செலெக்டையும் வலது தோள் பட்டனையும் சேர்த்து அமத்தினால் விளையாட்டு அந்த இடத்திலேயே சேமிக்கப்படும். திரும்பி வந்து செலெக்டையும் இடது தோள் பட்டனையும் அமத்தினால் விட்ட இடத்தில் இருந்து தொடரும். மஃரிபுக்கு அதான் சொன்னதும் சேமித்துவிட்டு இருவரும் சேர்ந்து எழும்ப வேண்டும் என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். பரீட்சைக் காலத்தில் பெட்டியே அலுமாரிக்குப் போக வேண்டும். ஓ.எல். எழுதும் பிள்ளை உள்ள வீட்டில் நேரத்தைப் பெற்றோரே தீர்மானியுங்கள், பிள்ளையிடம் விடாதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கடையில் விற்கும் பல பெட்டிகளில் ஆயிரக்கணக்கான கேம்கள் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். அவற்றில் பலவற்றுக்கு உரிமைக்காரரிடம் அனுமதி எடுத்திருக்க மாட்டார்கள். நமது நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதைப் பாதுகாக்கிறது. சட்டத்துக்கு அப்பால் இது அடுத்தவரின் ஹக்கு. பழையது என்பதற்காக உரிமை போய்விடாது. பழைய வகைப் பெட்டிகளுக்காக இன்றும் புதிதாகக் கேம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். சிலர் இலவசமாகவே தருகிறார்கள், சிலர் விலைக்குத் தருகிறார்கள். 2019 இல் வந்த மைக்ரோ மேஜஸ் அப்படி ஒன்று. மொத்த அளவு 40 கிலோபைட்தான், நாலு பேர் வரை சேர்ந்து விளையாடலாம். பிள்ளைக்குப் பங்கு பற்றிப் படிப்பிக்க வாங்கும் பெட்டியில் இன்னொருவரின் பங்கை எடுத்து வைத்திருந்தால் அந்தப் பாடம் நிற்காது. மூத்த பிள்ளைகளோடு இதை வெளிப்படையாகப் பேசுங்கள்.

"இரண்டு கொன்ட்ரோலர் கொடுத்தால் சண்டைதான் வரும், ஒன்று என்றால் அமைதி" என்று சில உம்மாமார் சொல்கிறார்கள். உண்மைதான், சண்டை வரும். நீ என்னைச் சுட்டாய், நீ எனக்குக் காத்திருக்கவில்லை, நீ முதலாம் ஆளை எனக்குத் தரவில்லை என்று வரும். ஆனால் அந்தச் சண்டை உங்கள் ஹோலில், உங்கள் காதுக்கு எட்டும் தூரத்தில், ஒரு டாங்கிக்காக வருகிறது. விட்டுக்கொடுக்கவும், மன்னிப்புக் கேட்கவும், முறை வைத்துக்கொள்ளவும் பழகுவதற்கு இதைவிடச் செலவு குறைந்த இடம் கிடைக்காது. இதே சண்டையை அவர்கள் முப்பது வயதில் வளவு எல்லைக்காகப் போட்டால், தீர்க்கப் பள்ளி நிர்வாகமும் நீதிமன்றமும் ஏறி இறங்க வேண்டும். ஒரு பிள்ளை மட்டும் விளையாட மற்றது பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் இருப்பதை அமைதி என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான். பெட்டி வாங்காதவர்கள் இதற்காக வாங்க வேண்டாம். இரண்டு பேருக்கு ஒரு கெரம் போர்ட் போதும். வாங்கியவர்கள் இன்று இஷாவுக்குப் பிறகு இரண்டாவது கொன்ட்ரோலரைத் தேடி எடுங்கள். பற்றரி போடுங்கள், அறிமுகப்படுத்துங்கள், போர்ட் 2 ஐப் பாருங்கள். பிறகு வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளையின் கையில் கொடுத்து, ஒரு பட்டனை அமத்தச் சொல்லுங்கள். திரையில் ஆள் பாய்ந்தால் சரி.

யாருக்காவது வேலை செய்யாவிட்டால், எந்தப் பெட்டி, திரையில் என்ன வருகிறது என்று கீழே எழுதுங்கள். நம் ஊரில் இதைத் தெரிந்த பொடியன்கள் தாராளமாக இருக்கிறார்கள், சொல்லித் தருவார்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் எழுதுங்கள், மரியாதையாகப் பேசிக்கொள்வோம்.

நம் பிள்ளைகளுக்கிடையில் நீதமாக நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் துணைபுரிவானாக. ஆமீன்.